ஆரா போட்டோவுக்கு 'பலன் இல்லை' என்று சொல்லத் தெரியாது



இது நீண்ட பதிவு. பாதியில் விட்டுவிடாமல் கடைசிவரை படியுங்கள். கோபம் வந்தாலும் படித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கொஞ்ச நாளாக நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் எங்கள் குடும்பக் குழுவிலும் ஒரே மாதிரி படங்கள் சுற்றுகின்றன. இடது பக்கம் ஒருவர், அவரைச் சுற்றி மங்கலான சிவப்பும் பழுப்பும். வலது பக்கம் அதே ஆள், சுற்றிலும் பச்சை, நீலம், ஊதா. கீழே "10 அமர்வுகளுக்குப் பின்" என்று எழுதியிருக்கும். ஆரா போட்டோ, ஆரா ஸ்கேன் என்று பல பெயரில் சொல்கிறார்கள். எனர்ஜி ஹீலிங், சக்ரா சிகிச்சை எடுப்பவர்களுக்கு மாதம் ஒரு படம் எடுத்து, "பாருங்கள், நோய் எவ்வளவு குறைந்திருக்கிறது" என்று காட்டுகிறார்கள்.

எனர்ஜி ஹீலிங் சரியா தவறா என்ற முழு வழக்கையும் இன்று நான் எடுக்கவில்லை. சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்ப்பதற்கு இந்தப் படத்தை நம்பக் கூடாது. ஒரு அளவுகோல் என்றால், தேவைப்பட்டால் "பலன் இல்லை" என்று சொல்ல அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் படத்துக்கு அது தெரியாது.

இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. இப்படி ஒரு மையத்தை நடத்துவது என்னிடம் படித்த மாணவன்தான். பெயர் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் கமெண்டில் சொல்ல வேண்டாம். கெட்டவன் அல்ல. வகுப்பில் எல்லாவற்றுக்கும் "ஏன் டீச்சர்?" என்று கேட்டவன். திறப்பு விழாவுக்கு வீடு தேடி வந்து அழைத்தான். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவனுக்கும் தெரியட்டும்.

நான் டாக்டர் இல்லை. பட்டப்படிப்பும் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து 33 ஆண்டுகள் பாடம் நடத்தியவள். ஆனால் இதைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு அறிவியல் போதும்.

முதலில் அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

1939இல் சோவியத் யூனியனின் கிராஸ்னதார் நகரில் செம்யோன் கிர்லியன் என்ற எலக்ட்ரீஷியன் இருந்தார். மின்சிகிச்சைக் கருவி ஒன்றில் நோயாளியின் தோலுக்கும் கருவிக்கும் நடுவே சின்ன ஒளி மின்னுவதைப் பார்த்தார். ஓர் உலோகத் தகடு, அதன்மேல் போட்டோ பிலிம், அதன்மேல் கை வைத்து, உயர் அழுத்த மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். விரலைச் சுற்றி அழகான ஒளிக்கீற்றுகள் பிலிமில் பதிந்தன. அவரும் அவர் மனைவி வாலன்டீனாவும் பல ஆண்டுகள் இதே வேலையில் இருந்தார்கள். 1970இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புத்தகத்தின் மூலம் இது உலகம் முழுக்கப் பரவியது. 'உயிரின் ஒளி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அது உயிரின் ஒளி அல்ல. காற்றின் ஒளி. மின்னழுத்தம் மிக அதிகமானால் பக்கத்திலுள்ள காற்று மின்னேற்றம் பெற்று ஒளிரும். காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன் என்பதால் நீலமும் ஊதாவுமாகத் தெரியும். இதற்குக் கொரோனா டிஸ்சார்ஜ் என்று பெயர். நம்மைப் பாடாய்ப் படுத்திய கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மழைத் தூறலில் ஹை டென்ஷன் கம்பிக்குக் கீழே நடந்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுவும் இதுதான். ஜெர்மனியில் லிச்டன்பெர்க் என்ற பேராசிரியர் 1777லேயே மின்னிறக்கத்தின் கிளைகளைத் தூளில் பதிய வைத்துக் காட்டிவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி, விரலுக்குப் பதில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தாலும் அதே ஒளிவட்டம் வரும். நாணயத்துக்கு என்ன உயிர்? அதற்கு எந்தச் சக்கரம் அடைத்திருக்கிறது? காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு எடுத்தால் அந்த ஒளி இல்லை. உடம்பிலிருந்து வரும் ஒளி என்றால் காற்று போனதும் அது ஏன் போக வேண்டும்?

"இலையைப் பாதி வெட்டினாலும் முழு இலையின் ஒளி தெரிகிறதாமே டீச்சர்" என்று ஒரு மாணவி கேட்டாள். முழு இலையை வைத்த அதே தகட்டில் வெட்டிய இலையை வைத்தால், முன்பு ஒட்டிய ஈரம் அங்கேயே இருக்கும். அந்த ஈரத்தின் படம்தான் அது. தகட்டைத் துடைத்துவிட்டு எடுத்தால் அந்த மாயப் பாதி வராது.

ஈரம் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1976இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாகச் சோதித்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். மனிதர்களை எடுத்த கிர்லியன் படங்களில் வரும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தோலில் உள்ள ஈரம்தான் என்பது அவர்கள் கண்ட முடிவு. வியர்வை. விரலை எவ்வளவு அழுத்தினோம், எத்தனை விநாடி வைத்தோம், அறையில் எவ்வளவு ஈரப்பதம் என்பவையும் படத்தை மாற்றும்.

இப்போது கடைகளில் இருப்பது இரண்டு வகை. ஒன்று, ரஷ்யாவின் கரோத்கோவ் 1990களில் கொண்டுவந்த வழி. பிலிமுக்குப் பதில் டிஜிட்டல் கேமரா. பத்து விரல் நுனியையும் எடுத்து, அந்த ஒளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, இந்தத் துண்டு இதயம், இந்தத் துண்டு கல்லீரல் என்று கம்ப்யூட்டர் சொல்லும். இன்னொன்று, கலிபோர்னியாவில் 1980களில் விற்பனைக்கு வந்த ஆரா கேமராவின் வாரிசு. இரண்டு உலோகத் தகட்டில் கை வைக்கச் சொல்வார்கள். தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அது அளக்கும். அந்த எண்ணுக்கு ஏற்ற நிறத்தைக் கருவி தானே தயாரித்து உங்கள் முகத்தைச் சுற்றிப் பூசும். அந்த நிறத்தைக் கேமராவின் கண் பார்க்கவே இல்லை. கருவி செய்தவர் எழுதிவைத்த பட்டியலில் இருந்து வந்த நிறம் அது. தோலில் மின்சாரம் பாய்வதை மாற்றுவது எது? மறுபடியும் வியர்வைதான்.

இப்போது மையத்தில் நடப்பதை யோசியுங்கள். முதல் நாள் பஸ்ஸில் நெருக்கியடித்து, வெயிலில் நடந்து, என்ன சொல்வார்களோ என்ற பயத்தோடு போகிறீர்கள். உள்ளங்கை வியர்த்திருக்கிறது. முதல் படம். பிறகு ஏ.சி. அறையில் மெல்லிய இசையோடு முக்கால் மணி நேரம் படுக்க வைக்கிறார்கள். மூச்சு நிதானமாகிறது, கை உலர்கிறது. இரண்டாவது படம். இரண்டும் வேறு வேறாகத்தான் இருக்கும். அவர்கள் போட்டோஷாப் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் எடுப்பவரே மனதார நம்புகிறார். என் மாணவனும் நம்பித்தான் செய்கிறான் என்று நினைக்கிறேன். படம் மாறியது உண்மை. மாறியது வியர்வை. உங்கள் கணையத்தில் என்ன நடக்கிறது என்று அந்தப் படத்துக்குத் தெரியாது.

சரி, ஒரு மாதம் படம் மங்கலாக வந்தால் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்தேன். "உள்ளே இருந்த கழிவு வெளியேறுகிறது, அதனால்தான் மங்கல், நல்ல அறிகுறி" என்றார்களாம். பிரகாசமாக வந்தால் குணமாகிறது. மங்கினால் குணமாகத் தொடங்குகிறது. அப்படியே இருந்தால் இன்னும் ஐந்து அமர்வு வேண்டும். எந்தப் படம் வந்தால் "இந்தச் சிகிச்சை உங்களுக்குப் பலிக்கவில்லை, பணத்தை வீணாக்காதீர்கள்" என்று சொல்வார்கள்? அப்படி ஒரு படம் அவர்கள் ஆல்பத்தில் கிடையாது.

இதை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் சித்தி மகள் ஒருத்தி. என்னைவிட நாலு வயது இளையவள். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை. மாத்திரை போட்டு, நடந்து, ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்தாள். போன வருடம் வேறு ஊரில் உள்ள ஒரு மையத்தில் சேர்ந்தாள். மூன்றாவது மாதப் படத்தில் வயிற்றுப் பக்கம் 'நல்ல மஞ்சள்' வந்துவிட்டதாம். "கணையச் சக்தி திரும்பிவிட்டது, மாத்திரையை மெல்லக் குறைக்கலாம்" என்றார்களாம். இவள் மெல்லக் குறைக்கவில்லை. மொத்தமாக நிறுத்திவிட்டாள். நான் போனில் திட்டியபோது, "இல்லக்கா, படத்துலயே தெரியுதுக்கா, நீங்க வந்து பாருங்க" என்றாள். ஐந்து மாதம் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. படம்தான் நன்றாக இருக்கிறதே! செருப்பு கடித்து விரலில் வந்த புண்ணுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள். ஆறவில்லை. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 11.2. மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால் 7.4 இருந்தது. வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

புண் வந்த அதே வாரத்தில் எடுத்த ஆரா போட்டோவை அவள் எனக்குக் காட்டினாள். பளபளவென்று இருந்தது.

எச்.பி.ஏ.1.சி என்ற அந்த மூன்று மாதச் சோதனையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படி இருந்தோம் என்று அது சொல்கிறது. சோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. நீங்கள் யாரிடம் சிகிச்சை பெறுகிறீர்கள் என்றும் அதற்குத் தெரியாது. ஆங்கில மாத்திரை வேலை செய்யவில்லை என்றாலும் முகத்துக்கு நேரே சொல்லும். டாக்டரையே தவறு என்று காட்டத் தெரிந்த சோதனை அது. எனக்கு அதன்மேல் மரியாதை வரக் காரணம் அதுதான்.

ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு மாதிரி சொன்னால் புரியும். பாடம் நடத்தியவரே கேள்வித்தாள் தயாரித்து, அவரே திருத்தி, அவரே எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு போட்டால் அதைத் தேர்வு என்று ஒப்புக்கொள்வீர்களா? பொதுத்தேர்வில் விடைத்தாளை ஏன் வேறு பள்ளி ஆசிரியர் திருத்துகிறார்? பிள்ளையின் பெயரை மறைத்து ஏன் டம்மி நம்பர் போடுகிறோம்? ஆசிரியர்கள் எல்லோரும் திருடர்கள் என்பதாலா? இல்லை. நம் பிள்ளை என்று தெரிந்தால் நல்ல மனுஷிக்கும் கை தாராளமாகிவிடும். ஆரா போட்டோவில் சிகிச்சை தருபவரே படம் எடுக்கிறார், அவரே பலன் சொல்கிறார், அடுத்த அமர்வுக்கு அவரே கட்டணம் வாங்குகிறார்.

டம்மி நம்பர் போட்டுச் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு குழந்தையின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி, நாலாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தது இது. நோயாளியைத் தொடாமலே கையால் 'சக்திப் புலத்தை' உணர்ந்து குணப்படுத்துகிறோம் என்று சொன்ன சிகிச்சையாளர்கள் 21 பேரைச் சோதித்தாள். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. அவர்கள் இரண்டு கையையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீட்ட வேண்டும். எமிலி காசைச் சுண்டிப் போட்டு, அதில் வந்தபடி ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கைக்கு மேலே என்று அவர்கள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மொத்தம் 280 முறை. 123 முறை சரி. அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இதை வெளியிட்டது. அப்போது அவளுக்கு 11 வயது. விலை உயர்ந்த கருவி எதுவும் அவளிடம் இல்லை. ஒரு அட்டை, ஒரு காசு, நேர்மையான ஒரு கேள்வி.

என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்! இப்போது மையம் நடத்துகிறவனும் அந்த வயதில் அப்படிப்பட்ட பிள்ளைதான். அதுதான் எனக்கு வருத்தம்.

கமெண்டில் என்னென்ன வரும் என்று தெரியும். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

"உடம்பில் மின்சாரம் இருக்கிறதே, ஈ.சி.ஜி. எடுக்கிறார்களே!" இருக்கிறது. ஈ.சி.ஜி. தோலில் பிடிக்கும் மின்னழுத்தம் சுமார் ஒரு மில்லிவோல்ட். வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது உங்கள் இதயத்திலிருந்து வருவது. கிர்லியன் கருவி வெளியே இருந்து கொடுப்பது பல ஆயிரம் வோல்ட். பத்தாயிரம் என்று வைத்தால் ஒரு கோடி மடங்கு. மேளக்காரர் காதோரம் தவில் அடிக்கும்போது, எறும்பு நடக்கிற சத்தம் கேட்கிறது என்பது போல இருக்கிறது.

"இது நம் முன்னோர் கண்ட அறிவியல்." எந்த முன்னோர்? சித்த மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு என்று இருக்கிறது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டையும் எண்ணிப் பாருங்கள், ஒளிவட்டம் அதில் இல்லை. ஐந்தரை ஆண்டு கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவரையும், வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்திருப்பவரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது முதலாமவருக்குத்தான் அவமானம்.

"சாமிக்கே ஒளிவட்டம் இருக்கிறதே." நானும் கும்பிடுகிறவள்தான். சாமிக்குப் பின்னால் திருவாசி வைப்பது பக்தி. அந்தத் திருவாசியை யாரும் மாதம் ஒருமுறை அளந்து ரசீது கொடுக்கவில்லை.

"அலோபதி ஆஸ்பத்திரி மட்டும் யோக்கியமா?" தேவையில்லாத ஸ்கேன், வீட்டை விற்க வைக்கும் பில், எல்லாம் நடக்கிறது. அதையும் எதிர்த்துப் பேசுங்கள், நானும் வருகிறேன். பலசரக்குக் கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறார் என்றால் தராசைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். தராசே இல்லாத கடைக்குப் போகலாமா?

"போய் வந்தால் மனசு லேசாக இருக்கிறது டீச்சர்." இதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். முக்கால் மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கேட்கிறார். வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடத்தில் சீட்டை நீட்டிவிடுகிறார்கள். என் தங்கையும் அதற்காகத்தான் போனாள் என்று இப்போது புரிகிறது. மனசு லேசாக வேண்டுமென்றால் போங்கள். ஆனால் மனசு லேசாவது வேறு, சர்க்கரை குறைவது வேறு. முதலாவதை நீங்களே உணரலாம், அதற்குப் படம் வேண்டாம். இரண்டாவதை உணர முடியாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ரொம்ப நாள் வலிக்காது. அதனால்தான் உண்மையான அளவீடு வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ ஆட்சேபகர விளம்பரங்கள் சட்டப்படி, சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். மாய சிகிச்சைகளுக்கும் அந்தச் சட்டத்தில் தடை உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் இப்படிப்பட்ட விளம்பரத்தை நல்லெண்ணத்தில் பத்துப் பேருக்கு அனுப்பும் என் பிள்ளைகளே, யோசித்து அனுப்புங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

யார் என்ன படம் காட்டினாலும், ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதென்றால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைத் தாளோடு போய்க் கேளுங்கள்.

வேறு எந்தச் சிகிச்சைக்குப் போனாலும், அந்த நோய்க்குரிய அளவீட்டை வெளியே, சம்பந்தமில்லாத இடத்தில் செய்யுங்கள். சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1.சி, அழுத்தத்துக்கு பி.பி. மிஷின், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை, தைராய்டுக்கு டி.எஸ்.எச். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கக் காசு வேண்டாம். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் செவிலியரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

படம் எடுக்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த மாதிரி படம் வந்தால் இந்தச் சிகிச்சை பலிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வீர்கள்? இப்போதே எழுதிக் கொடுங்கள்." எழுதிக் கொடுக்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

தம்பி, கடைசியாக உனக்கு. உன் மையத்தில் எடுத்த படங்களில் இருபது ஜோடி எடுத்து வை. பெயரையும் தேதியையும் மறைத்து டம்மி நம்பர் நான் போடுகிறேன். எது சிகிச்சைக்கு முன், எது பின் என்று நீ சொல்ல வேண்டாம். சர்க்கரை குறைந்தவர் யார், கூடியவர் யார் என்று மட்டும் படத்தைப் பார்த்துச் சொல். ரத்தப் பரிசோதனைத் தாளோடு ஒப்பிடுவோம். உன் படம் சரியாகச் சொன்னால், இதே பக்கத்தில், இதே நீளத்துக்கு எழுதி எல்லோருக்கும் தெரிவிக்கிறேன். சொல்லவில்லை என்றால் அந்தக் கருவியை மூலையில் வை. வருகிறவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் உன் குணத்தை மட்டும் வைத்துக்கொள். அதற்கு எந்த ஊரிலும் தேவை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ஆல்பத்தோடு வா.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்

(பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம். ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ ஊகித்துச் சேர்க்க வேண்டாம்.)